டேப்பெட் கவர் சரி, ஹெட் கேஸ்கெட்டையும் வீட்டிலேயே பிரிக்கலாமா?

ஒழுகல்வண்டி:
நாலு சிலிண்டர் பெட்ரோல் இன்ஜின், அலுமினிய ஹெட், டைமிங் பெல்ட். இன்ஜின் உச்சியை மூடற டேப்பெட் கவர் ஓரமா ஆயில் கசியுது, ஸ்பார்க் பிளக் குழியில ஆயில் நிக்குது. கிராங்க் புல்லி பக்கமும் ஈரம். கூலன்ட் கொஞ்சம் கொஞ்சமா குறையுது, வெளியே ஒழுகல் தெரியலை. கவர் பேக்கிங், கிராங்க் தண்டு முன்னால வெளியே வர்ற இடத்துல ஆயிலை அடைக்கற முன் சீல், ஹெட்டுக்கும் சிலிண்டர் இருக்கற பிளாக்குக்கும் நடுவுல வர்ற ஹெட் கேஸ்கெட் மூணையும் வீட்டு ஷெட்டுலயே மாத்திடலாமா?

திருப்புளி:
மாத்தலாம். ஆனா மேலே இருந்து கீழே வாங்க. கவர்ல வழியற ஆயில் இன்ஜின் முகப்புல இறங்கி, கிராங்க் சீல் போன மாதிரியே காட்டும். முதல்ல கவர் பேக்கிங்கை மாத்துங்க. இன்ஜினை டிகிரீசர் போட்டுச் சுத்தம் பண்ணி, ஓட்டிப் பாருங்க. அப்புறமும் புல்லிக்குப் பின்னாடி ஈரம் இருந்தாத்தான் சீல் வேலை.

பிளக் குழியில ஆயில் நிக்கறப்போ பிளக்கைக் கழட்டிடாதீங்க, அத்தனையும் சிலிண்டருக்குள்ள இறங்கிடும். துணியால உறிஞ்சி எடுத்து, காத்து அடிச்சுட்டு பிளக்கைத் தொடுங்க. குழி சீல் சில இன்ஜின்ல தனியா வரும், சிலதுல கவரோட ஒட்டியே இருக்கும். வாங்கறதுக்கு முன்னாடி பாத்துக்கங்க. காயிலோட ரப்பர் ஆயில்ல ஊறி உப்பியிருந்தா அதையும் மாத்தணும், இல்லாட்டி மிஸ்ஃபயர் போகாது.

கரிப்புகை:
மூன்றையும் ஒரே தட்டில் வைத்து "மாத்தலாம்" என்று சொல்வதைத்தான் ஏற்க முடியவில்லை. கவர் பேக்கிங்கில் பிசகினால் ஆயில் கசியும், மறுபடி பிரித்துப் போடலாம். ஹெட் கேஸ்கெட்டில் பிசகினால் பேரிங்கும் பிளாக்கும் சேர்ந்து போகும்.

கவரையே எடுத்துக்கொள்ளுங்கள். அந்தச் சின்ன போல்ட்டுகளுக்கு 10 நியூட்டன் மீட்டரை ஒட்டித்தான் இறுக்கம் வரும். வீட்டில் பலரிடம் இருப்பது சக்கர நட்டுக்கு வாங்கிய பெரிய டார்க் ரெஞ்ச். அது 40-க்குக் கீழே அளக்கவே அளக்காது. கிளிக் சத்தத்துக்குக் காத்திருந்தால் அலுமினியத் திரெட் உருவிக்கொண்டு வரும்.

திருப்புளி:
5-லேர்ந்து 25 வரைக்கும் அளக்கற சின்ன ரெஞ்ச் வேணும்னு நானும்தான் சொல்றேன். அது இல்லாம கவரைத் தொட வேண்டாம். நடுவுல ஆரம்பிச்சு வெளியே சுத்திச் சுத்தி, ரெண்டு தடவையா இறுக்கணும். பிளாஸ்டிக் கவரா இருந்தா இன்னும் கவனம். ஒழுகுதேன்னு கூடுதலா ஒரு திருப்பு கொடுத்தா ரப்பர் பிதுங்கும், கவர் விரியும், கசிவு அதிகமாகும்.

நாலுவால்வு:
இவ்ளோ கணக்கெல்லாம் எதுக்கு? பேக்கிங்குக்கு ரெண்டு பக்கமும் சிலிகான் தடவி மூடிட்டா ஜென்மத்துக்கும் ஒழுகாது.

கரிப்புகை:
தயவுசெய்து யாரும் இதைச் செய்யாதீர்கள். ரப்பர் பேக்கிங் தன் பிடிப்பாலும் அழுத்தத்தாலும் அடைக்கிறது. இருபுறமும் சிலிகான் பூசினால் இறுக்கும்போது அது வழுக்கிக் காடியை விட்டு வெளியே வரும். உள்பக்கம் பிதுங்கிய சிலிகான் இழையாகப் பிய்ந்து அடியில் ஆயில் தேங்கும் சம்ப்புக்குப் போய், ஆயில் பம்ப்பின் ஸ்ட்ரெயினரில் (சல்லடையில்) ஒட்டும். ஸ்ட்ரெயினர் அடைத்தால் ஆயில் பிரஷர் விழும், அதற்குப் பிறகு பேரிங் தாங்காது.

திருப்புளி:
இந்த ஒரு விஷயத்துல கரிப்புகை அண்ணன் கட்சிதான் நானும். சிலிகான் வேண்டிய இடம் மேனுவல்லயே குறிச்சிருக்கும். ஹெட்டும் டைமிங் கவரும் சேர்ற மூலை, கேம் மூடி ஹெட்டோட சேர்ற முனை, அரைவட்ட அடைப்பு இருந்தா அதோட ரெண்டு ஓரம். ஒவ்வொரு இடத்துலயும் ஒரு சின்னப் பொட்டு, அவ்ளோதான். மேலே ஆடை கட்டறதுக்குள்ள கவரை உட்கார வைங்க. டியூப்ல போட்டிருக்கற நேரம் வரைக்கும் காய விடுங்க. பலதுக்கு முழுசா காய 24 மணி நேரம் ஆகும்.

நாலுவால்வு:
சரி, சிலிகானை விட்டுடறேன். ஆனா கிராங்க் சுத்தற அறையில (கிராங்க்கேஸ்) சேர்ற வாயுவை இழுத்து விடற பிசிவி வால்வைப் பத்தி ரெண்டு பேருமே பேசலையே? அது அடைச்சிருந்தா கிராங்க்கேஸ்ல பிரஷர் ஏறி, எந்தப் புது சீலையும் தள்ளிக்கிட்டு ஆயில் வரும். ஐடில்ல ஆயில் ஊத்தற மூடியைத் திறந்து, வாய் மேல ஒரு மெல்லிய தாளை வைங்க. லேசா உள்ளே இழுத்தா நல்லது. தாள் படபடன்னு வெளியே தள்ளப்பட்டா முதல்ல வால்வையும் அதோட ஹோஸையும் பாருங்க.

திருப்புளி:
சரியான பாயின்ட். வால்வு புதுசாப் போட்டும் தாள் வெளியே தள்ளினா பிஸ்டன் ரிங் தேய்ஞ்சிருக்கலாம், கம்ப்ரெஷன் எடுத்துப் பாக்கணும்.

அடுத்தது கிராங்க் சீல். பழசைக் கழட்டறதுக்கு முன்னாடி அது எவ்ளோ ஆழத்துல இருக்குன்னு அளந்து குறிச்சு வைங்க. ஸ்க்ரூடிரைவரால நெம்பும்போது ஷாஃப்ட்ல ஒரு கீறல் விழுந்தாலும் புது சீல் அதே இடத்துல ஒழுகும். ஷாஃப்ட்ல நகம் மாட்டற அளவு வரி விழுந்திருந்தா, சீலை 1 அல்லது 2 மி.மீ. முன்ன பின்ன உட்கார வெச்சு அதோட உதடு (ஷாஃப்ட்ல உரசற ஓரம்) புது இடத்துல படற மாதிரி பண்ணலாம், பின்னாடி இருக்கற ஆயில் ஓட்டையை மூடாத வரைக்கும். இல்லாட்டி மெல்லிய ரிப்பேர் ஸ்லீவ் ஏத்தணும். ஸ்பிரிங் இருக்கற பக்கம் ஆயிலைப் பாத்து உள்ளே போகணும்.

கரிப்புகை:
உதட்டைப் பார்த்துவிட்டு ஆயில் தடவச் சொல்லுங்கள். ரப்பர் உதடு, உள்ளே ஸ்பிரிங் என்றால் ஆயில் தடவித்தான் ஏற்ற வேண்டும். டெஃப்லான் உதட்டு சீலுக்கு ஸ்பிரிங் இருக்காது, அதை உலர்ந்த ஷாஃப்ட்டில் உலர்வாகவே ஏற்ற வேண்டும். அந்த உதடு ஷாஃப்ட்டில் படிந்து வடிவம் பிடிக்க நேரம் வேண்டும், தயாரிப்பாளர்கள் வழக்கமாகச் சில மணி நேரம் ஸ்டார்ட் செய்யாமல் விடச் சொல்கிறார்கள். பழக்கத்தில் கிரீஸ் தடவினால் புதிய சீலே ஒழுகும்.

இன்னொன்று. அந்த சீல், வால்வுகளைக் கிராங்க்கோடு நேரம் சேர்த்து ஓட்டும் டைமிங் பெல்ட்டுக்குப் பின்னால் இருக்கிறது. ஆயிலில் நனைந்த பெல்ட்டைத் துடைத்துவிட்டு மறுபடி போடக் கூடாது. பெல்ட்டில் ஒரு பல் மாறி, அது பிஸ்டனும் வால்வும் மோதும் வகை இன்ஜினாகவும் இருந்தால் செல்ஃப் அடித்ததும் வால்வு வளையலாம். மாட்டிய பிறகு கிராங்க்கைக் கையால் இரண்டு முழுச் சுற்று சுற்றி, எல்லா டைமிங் குறிகளும் நேருக்கு நேர் வருகின்றனவா என்று பார்க்க வேண்டும். நடுவில் தட்டினால் பலம் காட்டாமல் நிறுத்துங்கள்.

ஒழுகல்வண்டி:
அப்போ ஹெட் கேஸ்கெட்?

கரிப்புகை:
அது போயிருக்கிறது என்று யார் சொன்னது? கூலன்ட் குறைய வாட்டர் பம்ப் கசிவுத் துளை, ஹீட்டர் கோர், ரேடியேட்டர் மூடி என்று பல காரணங்கள் உண்டு. ஆறிய இன்ஜினில் ரேடியேட்டர் மூடியைத் திறந்து, மட்டத்தைக் கொஞ்சம் இறக்கி, சூடேறும்போது நீல திரவ டெஸ்டரை ரேடியேட்டர் வாய் மேல் வைத்துப் பாருங்கள். பெட்ரோல் இன்ஜினில் சிலிண்டரில் எரிந்த வாயு கூலன்ட்டில் கலந்தால் நீலம் மஞ்சளாகும். கூலன்ட் டெஸ்டருக்குள் ஏறிவிட்டால் அந்த முடிவு செல்லாது.

போயிருந்தால் என் பதில்: பட்டறைக்கு விடுங்கள்.

திருப்புளி:
ஏன்? ஹெட் போல்ட்டை வெளியே இருந்து உள்ளே, சுத்துச் சுத்தாத் தளர்த்தணும், இன்ஜின் நல்லா ஆறின பிறகு. இறுக்கும்போது நீளற வகை போல்ட்னா புதுசுதான் போடணும். முதல்ல குறிச்ச நியூட்டன் மீட்டர், அப்புறம் இத்தனை டிகிரி திருப்பணும்ங்கற கணக்கு. ஹெட்டை லேத் பட்டறையில கொடுத்து கிராக் பாத்து ஃபேஸிங் (முகத்தைச் சமமாச் சீவறது) போட்டு வாங்கிட்டா, மாட்டற வேலை வீட்டுலயே முடியும்.

கரிப்புகை:
ஹெட்டைத் தூக்கிக்கொண்டு போகலாம். பிளாக்கை? அதன் மேல் முகமும் அதே அளவு சமமாக இருக்க வேண்டும், அது வண்டியிலேயே நிற்கிறது. பல அடுக்கு எஃகு கேஸ்கெட் மேற்பரப்பில் சின்னக் கீறலைக்கூடப் பொறுக்காது. பழைய கேஸ்கெட்டை எடுக்க டிரில்லில் அப்ரேசிவ் டிஸ்க் மாட்டித் தேய்ப்பவர்கள் ஏராளம். அலுமினியம் பள்ளமாகும், டிஸ்க்கிலிருந்து உதிரும் துகள் ஆயில் வழியில் இறங்கி பேரிங்கை அரைக்கும்.

திருப்புளி:
டிஸ்க் வேண்டாம். பிளாஸ்டிக் ஸ்கிரேப்பர், கேஸ்கெட் ரிமூவர், பொறுமை. சிலிண்டர்லயும் ஆயில் வழியிலயும் துணி அடைச்சுட்டுத்தான் சுரண்டணும், எத்தனை துணின்னு எண்ணி வெச்சுக்கணும். ஸ்ட்ரெயிட் எட்ஜை நீளவாக்குல, குறுக்கே, ரெண்டு மூலைவிட்டம்னு வெச்சு, அடியில 0.05 மி.மீ. ஃபீலர் தகடு நுழையுதான்னு பாருங்க. அலுமினியத்துக்குப் பல மேனுவல்ல அதுதான் எல்லை. பிளாக்ல நுழைஞ்சா அங்கேயே வேலையை நிறுத்திடணும், அதுக்கு வீட்டுல வழி இல்லை.

கரிப்புகை:
போல்ட் துளைகளை விட்டுவிட்டீர்கள். அடி மூடிய துளையில் ஆயிலோ கூலன்ட்டோ தேங்கியிருந்தால், போல்ட் இறங்கும்போது திரவம் அமுங்காது. டார்க் ரெஞ்ச் கிளிக் கொடுக்கும், ஹெட் இறுகியிருக்காது, பிளாக்கே விரிசல் விடலாம். ஒவ்வொரு துளையும் உலர்ந்திருக்க வேண்டும். திரெட்டுக்கு ஆயில் தடவலாமா என்பதையும் அந்த இன்ஜின் மேனுவல்தான் சொல்லும். உலர்ந்த திரெட்டுக்கான எண்ணை ஆயில் தடவிய திரெட்டில் கொடுத்தால் போல்ட்டில் விழும் இழுவை கூடிவிடும்.

ஒழுகல்வண்டி:
முதல்ல பிசிவி, கவர் பேக்கிங். அப்புறம் நீல டெஸ்டர். கிராங்க் சீல் உண்மையாவே ஒழுகினா பெல்ட்டும் அதை இழுத்துப் பிடிக்கற டென்ஷனரும் சேர்த்து வாங்கிடறேன். டெஸ்டர் மஞ்சளானா மட்டும் ஹெட் பத்திக் கேக்கறேன்.

திருப்புளி:
வாட்டர் பம்ப் பெல்ட்டுல ஓடற வகையா இருந்தா அதையும் பட்டியல்ல சேர்த்துக்கங்க. உங்க கூலன்ட் அங்கதான் போகுதோ என்னவோ.