ஏற்காடு ஏறும்போது மட்டும் எரியும் செக் இன்ஜின் லைட்: கோட் அழிக்கலாமா, கூடாதா?

அஸ்தம்பட்டிக்காரன்:
வண்டி 2017 மாடல் பெட்ரோல் ஹேட்ச்பேக், 74,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. மாமனார் வீடு ஏற்காட்டில் என்பதால் மாதம் இரண்டு முறையாவது அடிவாரம் வழியாக ஏறுவோம். எட்டாவது வளைவு தாண்டியதும் இரண்டாவது கியரில் வண்டி லேசாகத் திணறும். சில நாள் அதோடு சரி. சில நாள் மேலே போவதற்குள் செக் இன்ஜின் லைட் எரிந்துவிடும். கீழே வந்து சேலத்துக்குள் மூன்று நாள் ஓட்டினால் தானாக அணைந்துவிடும்.

ஒரு பட்டறையில் காட்டினேன். பி0171 என்ற பழுது கோட், அதாவது கலவையில் பெட்ரோல் குறைவு என்று வந்தது. புகையில் மிஞ்சும் ஆக்ஸிஜனை அளக்கும் ஆக்ஸிஜன் சென்சாரை மாற்றி, கோட் அழித்துக் கொடுத்தார்கள். 5,800 ரூபாய். அடுத்த மாதமே திரும்ப எரிந்தது. 900 ரூபாய்க்கு ஒரு புளூடூத் ஸ்கேன் டூல் வாங்கிப் போட்டேன். அதே கோட்தான். இதை அழித்துவிட்டு ஓட்டிப் பார்க்கவா, அப்படியே விடவா?

சூரமங்கலம் பட்டறை:
தம்பி, 25 வருஷமாக ஸ்பேனர் பிடிக்கிறேன். தைரியமாக அழித்துவிட்டு ஓட்டுங்க. உண்மையான பழுது என்றால் திரும்ப வரும், வராவிட்டால் விட்டுவிடலாம். ஏற்காடு கிட்டத்தட்ட 5,000 அடி. மேலே காற்று மெலிது, வண்டி திணறத்தான் செய்யும். ஒரு கருவியை மாட்டி நம்பரைப் பார்த்து பயந்துகொண்டு இருப்பவர்கள் இப்போது அதிகமாகிவிட்டார்கள். கோட் என்பது ஒரு திசைகாட்டி. வயரையும், வயர்களை இணைக்கும் கப்ளரையும் கையால் தொட்டுப் பார்க்காமல் எந்தப் பழுதும் தெரியாது.

ஓம் மீட்டர்:
அண்ணா, மன்னிக்கணும், இதில் இரண்டு இடத்தில் முழுசாக மாறுபடுகிறேன்.

முதலாவது உயரம். சேலம் 280 மீட்டர், ஏற்காடு 1,500 மீட்டர். காற்றழுத்தம் இங்கே 98 கிலோபாஸ்கல் என்றால் மேலே 85 பக்கம் இருக்கும். காற்று குறைந்தால் பெட்ரோல்தான் மிஞ்சும். கார்புரேட்டர் வண்டிகள் மலை ஏறினால் கறுப்புப் புகை விட்டது அதனால்தான். இவர் வண்டியில் வந்திருப்பதோ நேர் எதிரான கோட். அதோடு, இன்றைய வண்டிகள் அழுத்தத்தை அளந்து தாமே சரிசெய்துகொள்ளும்.

இரண்டாவது, அழிப்பது. கோட் விழுந்த நொடியில் இன்ஜின் எந்த நிலையில் இருந்தது என்பதை இசியு, அதாவது இன்ஜினை நடத்தும் கணினி, ஒரு படம் போலப் பிடித்து வைத்திருக்கும். அதுதான் ஃப்ரீஸ் ஃப்ரேம். வந்து வந்து போகிற பழுதுக்கு அதைவிட நல்ல சாட்சி கிடையாது. கோட் அழித்தால் அதுவும் சேர்ந்து போய்விடும். அந்தப் பட்டறைக்காரர் அதைத்தான் செய்திருக்கிறார். பி0171 என்றால் "பெட்ரோல் போதவில்லை" என்று ஆக்ஸிஜன் சென்சார் புகார் சொல்கிறது. புகார் கொடுத்தவனையே தூக்கிப் போட்டுவிட்டு 5,800 ரூபாய் வாங்கியிருக்கிறார்கள். எனக்கு உண்மையிலேயே கோபமாக வருகிறது.

அஸ்தம்பட்டிக்காரரே, ஃப்ரீஸ் ஃப்ரேமில் இருப்பதை இங்கே போடுங்கள். இன்னொரு கேள்வி. லைட் எரிந்த நாட்களில் வழியில் எங்காவது வண்டியை அணைத்தீர்களா?

அஸ்தம்பட்டிக்காரன்:
ஆமாம்! பாப்பாவுக்கு வளைவில் வாந்தி வரும். அப்படி வந்தால் பாதியில் நிறுத்தி, முகம் கழுவிவிட்டு, பத்து நிமிஷம் கழித்துக் கிளம்புவோம். யோசித்துப் பார்த்தால் லைட் எரிந்ததெல்லாம் அந்த நாட்களில்தான்.

ஃப்ரீஸ் ஃப்ரேம்: ஆர்பிஎம் 2,350, வேகம் 32, லோடு 82 சதவீதம், கூலன்ட் 97 டிகிரி. ஃப்யூல் டிரிம், அதாவது பெட்ரோல் அளவில் இசியு செய்யும் திருத்தம்: அந்த நொடிக்கானது (ஷார்ட் டெர்ம்) +14 சதவீதம், கற்றுவைத்தது (லாங் டெர்ம்) +17. இப்போது வீட்டு வாசலில் ஐட்லிங்கில் பார்த்தால் இரண்டும் சேர்த்தே +3தான் காட்டுகிறது.

ஓம் மீட்டர்:
லைட் ஏன் விட்டு விட்டு எரிகிறது என்பதற்கு விடை கிடைத்துவிட்டது. பெரும்பாலான வண்டிகளில் பழுது முதல் ஓட்டத்தில் தெரிந்தால் பெண்டிங் கோடாக மட்டும் இருக்கும். அடுத்த ஓட்டத்திலும் தெரிந்தால்தான் லைட். நீங்கள் பாதியில் அணைத்துக் கிளம்பியதால் ஒரே மலை இரண்டு ஓட்டமாகக் கணக்கானது. பிறகு பழுது தெரியாத மூன்று ஓட்டம் முடிந்தால் லைட் அணையும். சேலத்துக்குள் ஓட்டும்போது இன்ஜினுக்குப் பாரமே இல்லை, அதனால் அணைந்தது. லைட்தான் வந்து வந்து போகிறது. பழுது ஒவ்வொரு முறை ஏறும்போதும் இருந்திருக்கிறது.

இனி டிரிம். பிளஸ் என்றால் இசியு கூடுதலாகப் பெட்ரோல் ஊற்றுகிறது. வெளிக்காற்று இன்ஜினுக்குள் கசிவதாக இருந்தால் ஐட்லிங்கில்தான் டிரிம் ஏறும், உறிஞ்சல் அப்போதுதான் அதிகம். உங்களுக்கு ஐட்லிங்கில் 3, பாரத்தில் 31. இது பெட்ரோல் வரத்துக் குறைவு. டேங்குக்குள் ஃபில்டர் அடைத்திருக்கலாம், அல்லது பம்ப் தளர்ந்திருக்கலாம். பிரஷர் கேஜ் போட்டுப் பாருங்கள்.

சூரமங்கலம் பட்டறை:
உயரம் பற்றிச் சொன்னது சரி. நான் அவசரப்பட்டுச் சொல்லிவிட்டேன், ஒத்துக்கொள்கிறேன். வழியில் அணைத்ததைக் கேட்டது நல்ல கேள்வி.

ஆனால் இப்போது நான் மாறுபடுகிறேன். பம்ப் என்று சொன்னதும் இவர் போய் ஏழாயிரம் எட்டாயிரம் கொடுத்து அசெம்பிளி மாற்றிவிடுவார். சென்சாருக்குக் கொடுத்த மாதிரியே. பட்டறையில் வண்டி ஆறி நிற்கும்போது கேஜ் போட்டால் பிரஷர் நன்றாகத்தான் காட்டும். இந்த வயசு வண்டியில் நான் முதலில் பார்ப்பது பின்சீட்டுக்கு அடியில் உள்ள பம்ப் கப்ளர். ஏறி இறங்கிய சூட்டோடு, இன்ஜின் ஓடும்போதே, பேட்டரியில் எத்தனை வோல்ட், கப்ளரில் எத்தனை வோல்ட் என்று அளக்கணும். அரை வோல்ட்டுக்கு மேல் வித்தியாசம் இருந்தால் பம்ப் மேல் குற்றம் இல்லை. பெட்ரோல் பக்கத்தில் வேலை, வீட்டில் வைத்து நோண்டாதீங்க. ஆட்டோ எலக்ட்ரீஷியனிடம் போங்க.

ஏற்காடு டாக்ஸி:
பட்டறை அண்ணன் சொல்வது நியாயம். என் வண்டியிலும் பேட்டரி மைனஸுக்குத் திரும்பும் எர்த் வயர்தான் படுத்தியது. ஏறும்போது ஸ்கேன் டூலைப் பார்க்கிற வேலையைப் பக்கத்து சீட்டில் இருப்பவரிடம் கொடுங்க. அந்த வளைவுகளில் போனைப் பார்த்தால் எதிரே பஸ் வருவது தெரியாது.

அஸ்தம்பட்டிக்காரன்:
ஞாயிற்றுக்கிழமை ஏறி இறங்கி, அப்படியே கோரிமேட்டில் ஒரு எலக்ட்ரீஷியனிடம் நிறுத்தினேன். பேட்டரியில் 13.9. கப்ளரில் 11.6. அதில் 1.9 வோல்ட் எர்த் பக்கமே போகிறது. கப்ளரைக் கழற்றிக் காட்டினார். நான்கு பின்னில் ஒன்று மட்டும் டீ டிகாஷன் நிறத்தில் கருகியிருந்தது. அதைச் சுற்றி வெள்ளைப் பிளாஸ்டிக் இளகி, அந்தப் பின் உள்ளே லூசாக ஆடியது. ஐட்லிங்கில் பெட்ரோல் கொஞ்சம்தான் தேவை, மெதுவாகச் சுற்றும் பம்ப்பே ஈடுகொடுக்கும், மலையில் போதாது என்று விளக்கினார். இரண்டு பக்கமும் பின் மாற்ற 450 ரூபாய். மாற்றியதும் கப்ளரில் 13.5 வோல்ட். இருவருக்கும் நன்றி. இப்போதாவது கோட் அழிக்கலாமா?

சூரமங்கலம் பட்டறை:
இப்போது தாராளமாக அழிக்கலாம். வேலை முடிந்தது.

ஓம் மீட்டர்:
ஃபில்டர் என்று நான் நினைத்தது தவறு, கப்ளர் எனக்குத் தோன்றவே இல்லை. ஆனாலும் அழிக்க வேண்டாம் என்பேன். அழித்தால் பல வண்டிகளில் இசியு கற்றுவைத்த லாங் டெர்ம் டிரிமும் பூஜ்யமாகிவிடும். அந்த 17 தானாக இறங்குவதைக் கண்ணால் பார்த்தால்தான் பழுது சரியானது உறுதி.

சூரமங்கலம் பட்டறை:
எனக்கு 11.6 வோல்ட் 13.5 ஆனதே போதும். அதற்கு மேல் உறுதி எதற்கு?

அஸ்தம்பட்டிக்காரன்:
அழிக்கவில்லை. நேற்று ஏறினோம், மனைவிதான் போனைப் பார்த்து வாசித்துக்கொண்டே வந்தார். அடிவாரத்தில் லாங் டெர்ம் 17. ஆறாவது வளைவில் 12. எட்டாவது வளைவில் திணறவில்லை, டிரிம் 9. இருபதாவது வளைவில் 4.