பழைய கணினியில் டயல்-அப் (போன் வயர் வழி இணையம்) வேகம்: உங்கள் அனுபவம்?

வவுனியா, குருமன்காடு:
2003இல் எங்கள் வீட்டில் விண்டோஸ் 98 பெட்டி. கணினியைப் போன் வயரோடு இணைக்கும் மோடத்தில் 56கே (நொடிக்கு 56,000 பிட்) என்று எழுதியிருக்கும், இணைந்தபின் பார்த்தால் 26,400தான். வேகம் கூட, ஆளாளுக்கு ராம் (கணினியின் தற்காலிக நினைவகம்) போடு என்றார்கள். ராம் கூடினால் திறந்த பக்கங்கள் திணறாது, சரி. வயரால் வருவது எப்படிக் கூடும்?

ரிசீவரைத் தூக்கி ஒரு இலக்கத்தை மட்டும் அழுத்துங்கள். டயல் தொனி நின்றுவிடும். அப்புறம் காதில் விழுவதுதான் லைனின் லட்சணம். எனக்குக் கேட்டது கரகரவென்ற இரைச்சல், மழை நாளில் இன்னும் மோசம். வயர் வீட்டுக்குள் வரும் இடத்து இணைப்பைப் பிரித்தேன். டேப் வெயிலில் இளகிப் பிசுபிசுத்து, உள்ளே செம்பு பச்சை பூத்திருந்தது. நுனியை வெட்டி, புதிதாகச் சீவி, இறுக்கி முறுக்கினேன். அறைக்கு இழுத்திருந்த இரண்டாவது போனையும் கழற்றினேன். அன்றிரவு 44,000! ஐந்து நிமிடத்துக்கு மேல் இழுத்த ஒரு மெகாபைட் மூன்று சொச்சத்தில் இறங்கியது. 56கே முழுதாக யாருக்கும் கிடைத்ததாக நான் கேள்விப்படவில்லை. அனுப்பும் பக்கம் என் மோடத்தில் 33.6கேதான் உச்சம், மின்னஞ்சலில் படம் போட்டால் தெரியும்.

செட்டிகுளம்:
அண்ணை சொன்னது சரி, லைன்தான் முதல். ஆனால் உள்ளே செருகும் வின்மோடம் தன் வேலையை ப்ராசசரின் தலையில் கட்டிவிடும். வைரஸ் ஸ்கேனும் சேர்ந்து ஓடினால் மவுஸே நகராது. நான் கணினியின் பின்பக்கச் சீரியல் போர்ட்டில் பூட்டும் வெளி மோடத்துக்கு மாறினேன். போர்ட் வேகம் 115,200 என்று இருக்கவேண்டும், பார்த்துக்கொள்ளுங்கள். செய்தி வாசிக்க மட்டும் என்றால் பிரவுசரில் படங்களை நிறுத்திவிடுவேன். அதைப்போல உதவியது வேறில்லை.

ஐப்பசி இடிக்குக் கரண்ட் ப்ளக்கை மட்டும் பிடுங்கினால் காணாது. ரெலிபோன் வயரையும் கழற்றுங்கோ. பக்கத்து வீட்டு மோடம் அந்த வழியால்தான் கருகியது.

ஒட்டுசுட்டான்:
நீங்கள் வயரைச் சுரண்டுகிறீர்கள், எங்களுக்கு வயரே வரவில்லை! போருக்குப் பிறகு வந்தது சி.டி.எம்.ஏ. என்ற வயரில்லாப் போன்தான். கேபிளால் கணினியோடு பூட்டி இணையத்துக்கு #777 டயல் பண்ணினோம். ஏட்டில் 153கே, கையில் வந்தது சிக்னலைப் பொறுத்தது. போனை மேசையிலிருந்து அலுமாரிக்கு மேல் ஏற்றியதும் ஒரு கோடு கூடியது. தகரக் கூரைக்குக் கீழே அதற்கு மேல் எதிர்பார்க்க ஏலாது. அண்ணை, நல்ல லைனிலும் இடையிடையே அறுந்தால் என்ன செய்தீர்கள்?

குருமன்காடு:
தம்பி, கோல் வெயிட்டிங் இருக்கா என்று பாருங்கோ. வேறு அழைப்பு வரும்போது கேட்கும் அந்த 'பீப்' போதும், மோடம் விட்டுவிடும். நான் அந்த வசதியையே நிறுத்தச் சொல்லிவிட்டேன்.