கல்லடி பட்ட கண்ணாடி: குடும்பக் குழுவில் ஒரு பங்குனி

(அம்மா, தம்பி, நான் ரங்கூனில். தாம்வே ரங்கூனில் ஒரு பகுதி; மோல்மீன், பெகு இரண்டும் பர்மாவில் வேறு ஊர்கள்.)

ஞாயிறு

தம்பி: காரின் முன் கண்ணாடியில் கல்லடியை அடைக்கும் பெட்டி வந்துவிட்டது! (படம்) கண்ணாடியில் பிடித்து நிற்கும் பிரிட்ஜ் ஒன்று, அதில் மாட்டித் திருகும் இன்ஜெக்டர் இரண்டு, விரிசலை நிரப்பும் ரெசின் என்ற பிசின் மூன்று பாட்டில், அதை இறுக்கும் யூவி (புற ஊதா) லாம்ப், பிளேடு. எல்லாம் சரியாக இருக்கிறது.

அம்மா: சாமி படத்துக்கு முன்னால் வைத்துவிட்டு எடுத்துக்கொள் ராசா.

தம்பி: சரிம்மா. தாம்வே அண்ணன் புரோபாக்ஸ் டாக்ஸியில் டிரைவர் பக்கம் இல்லாமல் இடது பக்கமாக ஒரு கல்லடி இருக்கிறதே, நாளைக்கே அதைச் செய்யட்டுமா? முதல் போணி அண்ணனாக இருக்கட்டும்.

தாம்வே அண்ணன்: வாடா. காலையில் சவாரி எடுக்காமல் இருக்கிறேன்.

மோல்மீன் மாமா: வேண்டாம் மாப்பிள்ளை. இப்போது அந்த வண்டியில் கை வைக்காதே.

தம்பி: ஏன் மாமா? இருபது வீடியோ பார்த்துவிட்டேன்.

மோல்மீன் மாமா: பார்த்தது கண். வேலை செய்யப்போவது கை. கண்ணாடி மாற்றும் கடைகளில் கழற்றிப் போட்ட முன் கண்ணாடி கிடக்கும், கேட்டால் டீக்காசுக்குத் தருவார்கள். நாலைந்து வாங்கிக்கொண்டு வா. வண்டியில் இருப்பது போலவே சாய்த்து நிறுத்து. தரையில் படுக்கப்போட்டுப் பழகினால், சாய்வில் பிரிட்ஜ் வைக்கும்போது கை தடுமாறும்.

மோல்மீன் மாமா: உப்பலாக இருப்பதுதான் வெளிப்பக்கம், அதில் தட்டு. சென்டர் பஞ்ச் என்ற கூர்முனைக் கம்பி போதும். கண்ணுக்குக் கண்ணாடி, கைக்குக் கையுறை இரண்டும் இல்லாமல் தட்டாதே. ஐம்பது அடி போட்டு ஐம்பதையும் அடைத்துவிட்டு என்னிடம் பேசு.

பெகு சித்தி: ஐம்பதா அண்ணே? பிள்ளை கடை போடுவது எப்போது?

மோல்மீன் மாமா: ராத்திரி எழுதுகிறேன். இப்போது படகுத்துறையில் இருக்கிறேன்.

ராத்திரி 9:40

மோல்மீன் மாமா: மலேசியாவில் நான் கண்ணாடிக் கடையில் இருந்தது உங்கள் எல்லாருக்கும் தெரியும். சேர்ந்து மூன்றாவது வாரம், முதலாளி வெளியே போயிருந்தார். ஒரு கார் வந்தது. நடுவிலிருந்து நாலு கால், அதாவது நாலு விரிசல், விட்ட நட்சத்திர அடி. நடுப்பகல், வண்டி வெயிலில் நின்று வந்தது. கண்ணாடி ஆறட்டும் என்று நான் காத்திருக்கவில்லை. இன்ஜெக்டரை வைத்தேன். ஒரு காலில் ரெசின் ஏறவில்லை. இன்னும் ஒரு சுற்று, இன்னும் ஒரு சுற்று என்று திருகிக்கொண்டே போனேன். "டிக்" என்று ஒரு சத்தம். அவ்வளவுதான். என் கண் முன்னால் அந்தக் கால் ஒரு சாண் நீளத்துக்கு ஓடிவிட்டது. வண்டிக்காரர் பக்கத்திலேயே நின்றிருந்தார். புதுக் கண்ணாடி போட்டுக் கொடுத்தோம், என் சம்பளத்தில்தான். அந்தச் சத்தத்தை நீ பழைய கண்ணாடியில் கேட்டுவிடு மாப்பிள்ளை. காசு கொடுக்கிறவன் கண்ணாடியில் கேட்க வேண்டாம்.

தம்பி: கேட்கிறேன் மாமா. நாளைக்குப் போய்க் கண்ணாடி எடுத்து வருகிறேன்.

வியாழன்

தம்பி: பதினாலு முடிந்தது. வட்டமாக விழும் அடி நன்றாக வருகிறது. நட்சத்திரம் மட்டும் சரியாக வரவில்லை. (படம்) கால்களின் நுனி கறுப்பாகவே நிற்கிறது.

மோல்மீன் மாமா: கறுப்பாகத் தெரிவது காற்று. ரெசின் போன இடம் கண்ணாடி நிறத்துக்கு வந்துவிடும். உள்பக்கம் முகம் பார்க்கும் சின்னக் கண்ணாடி ஒன்றைப் பிடித்துப் பார்த்துக்கொண்டே வேலை செய்கிறாயா?

தம்பி: ஆமாம்.

மோல்மீன் மாமா: எந்த ரெசின்?

தம்பி: பெரிய பாட்டிலில் இருப்பது.

மோல்மீன் மாமா: அது கெட்டி. அகலமான வட்ட அடிக்கு அது சரி. நட்சத்திரத்தின் கால் தலைமுடியை விட மெல்லியது, அதற்கு நீர்த்த ரெசின் வேண்டும். இன்னொன்று, இன்ஜெக்டர் நேராக நின்றதா? வாய் சரியாக அடியின் குழிக்கு மேலே உட்கார வேண்டும். அரிசியளவு விலகினாலும் அழுத்தம் பக்கத்தில் கசிந்துவிடும்.

தம்பி: நேராகத்தான் வைத்தேன். ரெசின் மாற்றிப் பார்க்கிறேன்.

அதே நாள் மாலை

தம்பி: மாற்றியும் வரவில்லை மாமா. ஆறில் நாலு கறுப்பு.

நான்: நேற்று ராத்திரி அந்தக் கண்ணாடிகளையெல்லாம் அவன் குழாயடியில் கழுவினான் மாமா. அதனால் இருக்குமா?

மோல்மீன் மாமா: அடி போட்ட பிறகா?

தம்பி: ஆமாம் மாமா. தூசியாக இருந்தது.

மோல்மீன் மாமா: அதுதான். பாப்பா சரியாகச் சொன்னாள். விரிசலுக்குள் தண்ணீர் ஏறி உட்கார்ந்துவிட்டது. ரெசினும் தண்ணீரும் சேராது. எவ்வளவு அழுத்தினாலும் தண்ணீர் நுனியில் போய் ஒதுங்கிக்கொள்ளும். உள்பக்கத்திலிருந்து ஹேர் டிரையரைத் தள்ளிப் பிடித்து மெதுவாகச் சூடு காட்டு. தொட்டால் இளஞ்சூடாக இருக்க வேண்டும், சுடக்கூடாது. ஈரம் போன பிறகு ஆறவிடு. அதற்கப்புறம்தான் இன்ஜெக்டர்.

மோல்மீன் மாமா: இது நல்லதாகப் போயிற்று. வைகாசி பிறந்தால் நம் ஊரில் மழை, ஐப்பசி வரை விடாது. வருகிற வண்டியெல்லாம் ஈர அடியோடுதான் வரும். உலர்த்தத் தெரியாதவன் மழைக்காலத்தில் கடையைத் திறந்து பிரயோஜனம் இல்லை.

தம்பி: கரண்ட் போய்விட்டால்?

மோல்மீன் மாமா: பேட்டரி லாம்ப் ஒன்று அவசியம் வாங்கு. வெயிலிலும் யூவி இருக்கிறது, ரெசின் இறுகும். ஆனால் அதே வெயில்தான் ஆபத்து. ரெசின் காலுக்குள் போய்ச் சேருமுன்பே இறுகிவிடும். ஊற்றும்போது நிழல், முடிந்த பிறகு வெயில். பாட்டிலையும் வெளிச்சத்தில் வைக்காதே.

தம்பி: அழுத்தம் எவ்வளவு நேரம்?

மோல்மீன் மாமா: கடிகாரம் பார்க்காதே, கறுப்பைப் பார். திருகை இறக்கி விட்டுவை. பிறகு மேலே ஏற்று, காற்றுக் குமிழ் எழும்பி வெளியே வரும். மறுபடி இறக்கு. கறுப்பு நகர்கிறவரை இப்படியே. நகராமல் நின்றால் திருகாதே, நான் செய்த தப்பு அதுதான். உள்பக்கத்திலிருந்து விரலால் லேசாக அமுக்கி விடு, கால் கொஞ்சம் திறந்து ரெசினை உறிஞ்சும்.

மோல்மீன் மாமா: அப்புறம் குழிக்கு மேலே கெட்டி ரெசின் ஒரு சொட்டு, அதன் மேல் பிளாஸ்டிக் தாள், லாம்ப். இறுகிய பிறகு பிளேடைச் செங்குத்தாகப் பிடித்துச் சுரண்டு. பிசுபிசுவென்று இழுத்தால் இன்னும் இறுகவில்லை. காய்ந்த செதிலாக வந்தால் சரி.

பெகு சித்தி: அண்ணே, எனக்கு ஒரு சந்தேகம். கண்ணாடி உடைந்தால் முழுக்கச் சிதறாதா? இவன் உடைந்த கண்ணாடியை எப்படி ஒட்டுகிறான்?

மோல்மீன் மாமா: முன் கண்ணாடி ஒன்றல்ல, இரண்டு தகடு. நடுவில் பிளாஸ்டிக் ஒட்டு இருக்கிறது. கல் பட்டால் பெரும்பாலும் வெளித்தகடு மட்டும்தான் உடையும், அதைத்தான் அடைக்கிறோம். பக்கத்துக் கண்ணாடி, பின் கண்ணாடி பெரும்பாலும் பொடிப்பொடியாகப் போகிற வகை, அதில் நமக்கு வேலை இல்லை.

சனி

தம்பி: முப்பத்தொன்பது. நேற்றுச் செய்த எட்டில் ஏழு சுத்தம்! (படம்) (படம்)

அம்மா: தோட்டத்தில் எங்கே பார்த்தாலும் கார் கண்ணாடி. துணி காயப்போட இடமில்லை. ஆனாலும் பிள்ளை முகத்தைப் பார்த்தால் ஒன்றும் சொல்லத் தோன்றவில்லை.

மோல்மீன் மாமா: படத்தில் மூன்றாவது நன்றாக வந்திருக்கிறது. ஒன்று நினைவில் வை. கழற்றிய கண்ணாடி இறுக்கமில்லாமல் நிற்கிறது. வண்டியில் ஒட்டிய கண்ணாடி இழுத்துப் பிடித்தது போல இருக்கும், கால் சுலபமாக ஓடும். ஆகவே வண்டியில் திருகு இன்னும் மெதுவாக.

தம்பி: எதை எடுக்கலாம், எதை வேண்டாம் என்று சொல்லலாம் மாமா?

மோல்மீன் மாமா: அமெரிக்காவில் ரோலாக்ஸ் என்று ஒரு தர நெறி இருக்கிறது. அதில் வட்ட அடி 25 மில்லிமீட்டர், நட்சத்திரம் 75 மில்லிமீட்டர் வரை செய்யலாம். நீ தொடக்கத்தில் அதில் பாதியோடு நில். உள்தகடு வரை போனதைத் தொடாதே. ஓரத்தைத் தொட்ட விரிசலையும் தொடாதே. டிரைவர் கண்ணுக்கு நேரே இருப்பதில் ரொம்பக் கவனம், அடைத்தாலும் ஒரு மங்கல் நிற்கும். பிரிட்டிஷ் நெறியில் டிரைவருக்கு நேரே 290 மில்லிமீட்டர் அகலத்துக்குள் 10 மில்லிமீட்டருக்கு மேற்பட்ட அடியை எடுக்கவே கூடாது.

தாம்வே அண்ணன்: இங்கே ஒரு சிக்கல் இருக்கிறது மாமா. இவன் பார்க்கிற வீடியோவெல்லாம் அமெரிக்க வண்டி, டிரைவர் இடது பக்கம். நம் டாக்ஸியெல்லாம் ஜப்பான் வண்டி, ஸ்டீயரிங் வலது பக்கம். 1970இல் சாலையை வலது பக்கத்துக்கு மாற்றினார்கள், வண்டி மாறவில்லை. இப்போது இடது ஸ்டீயரிங்கும் கலந்து ஓடுகிறது.

மோல்மீன் மாமா: நல்ல பேச்சு. மாப்பிள்ளை, வண்டிக்கு வண்டி உள்ளே எட்டிப் பார்த்து ஸ்டீயரிங் எந்தப் பக்கம் என்று பார்த்த பிறகு அளவெடு.

நான்: நான் ஒரு நோட்டுப் போட்டிருக்கிறேன். வண்டி எண், அடி எங்கே, எத்தனை மில்லிமீட்டர், எந்த ரெசின், முன்னால் ஒரு படம், பின்னால் ஒரு படம். முதல் பக்கத்தில் பர்மியத்திலும் தமிழிலும் எழுதியிருக்கிறேன்: "தடம் முழுவதும் மறையாது, மங்கும். வேலையின்போது விரிசல் ஓட வாய்ப்பு உண்டு." படித்துக் கையெழுத்துப் போட்ட பிறகுதான் பெட்டி திறக்கும்.

மோல்மீன் மாமா: எனக்கு அந்த நாளில் இப்படி ஒரு அக்கா இல்லாமல் போனாள் பாப்பா.

அம்மா: நான் இங்கேதான் இருக்கிறேன்.

மோல்மீன் மாமா: நீ ரங்கூனில், நான் மலேசியாவில் அக்கா!

பங்குனி கடைசி, செவ்வாய்

தாம்வே அண்ணன்: டேய், அடுத்த வாரம் திஞ்சான், பர்மியப் புத்தாண்டு. தெருவுக்குத் தெரு தண்ணீர் ஊற்றுவார்கள், ஐஸ் தண்ணீர் வேறு. வெயிலில் கொதிக்கிற கண்ணாடியில் அது விழுந்தால் என் அடி ஓடிவிடும் என்று பயமாக இருக்கிறது. மேலே டேப் ஒட்டி வைத்திருக்கிறேன்.

மோல்மீன் மாமா: டேப் ஒட்டியது நல்லது, தூசியும் ஈரமும் ஏறாது. மாப்பிள்ளை, எத்தனை ஆயிற்று?

தம்பி: அறுபத்திரண்டு.

மோல்மீன் மாமா: சரி. நாளைக் காலை ஆறு மணிக்குச் செய். வெயில் ஏறுமுன் முடி.

புதன் காலை

தம்பி: அஞ்சரைக்கே பஸ் ஏறிவிட்டேன். பெட்டி மடியில்.

நான்: நோட்டு?

தம்பி: எடுத்துக்கொண்டேன். அண்ணனும் கையெழுத்துப் போடணும் என்று சொல்லிவிட்டேன்.

7:05

தம்பி: (படம்) (படம்) மூன்று கால், 22 மில்லிமீட்டர். ஒரு கால் கடைசிவரை கறுப்பாகவே நின்றது. திருகவில்லை மாமா. உள்ளேயிருந்து விரலால் அமுக்கினேன். மெதுவாக, கண்ணெதிரே, கறுப்பு பின்வாங்கிப் போயிற்று.

தாம்வே அண்ணன்: டிரைவர் சீட்டில் உட்கார்ந்து தேடினேன். மிளகளவு ஒரு புள்ளி மட்டும் தெரிகிறது. காசு கொடுத்தால் வாங்க மாட்டேன் என்கிறான், பாக்கெட்டில் திணித்துவிட்டேன்.

அம்மா: அந்தக் காசைச் செலவழிக்காதே. காளியம்மன் உண்டியலில் போடு.

தம்பி: சரிம்மா. பக்கத்தில் நின்ற இன்னொரு டாக்ஸிக்காரர் தன் வண்டியையும் பார்க்கச் சொன்னார். விரிசல் கீழ் ஓரத்தைத் தொட்டிருந்தது. கண்ணாடி மாற்றத்தான் வேண்டும் என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

மோல்மீன் மாமா: எத்தனை அங்குலம்?

தம்பி: ஐந்து இருக்கும். ஆசையாகத்தான் இருந்தது.

மோல்மீன் மாமா: ரெசின் பாட்டிலை மூடினாயா?

தம்பி: மூடித் துணியில் சுற்றிப் பெட்டிக்குள் வைத்துவிட்டேன் மாமா.