ஆக்ஸிஜன் சென்சார் மாத்தியும் செக் என்ஜின் லைட் அணைய மாட்டேங்குது, உதவுங்க

திருமங்கலத்தான்:
அண்ணன்மாரே, 2014 பெட்ரோல் கார், 92 ஆயிரம் கிலோமீட்டர் ஓடிருக்கு. செக் என்ஜின் லைட் எரிஞ்சுச்சு, மத்தபடி ஓட்டத்துல ஒரு குறையும் இல்ல, ஆண்டிபட்டி கணவாய்ல கூட நல்லா ஏறுது. இங்கன ஒரு ஒர்க்‌ஷாப்புல ஸ்கேனர் மாட்டிப் பாத்துட்டு ஓ2 சென்சார் (ஆக்ஸிஜன் சென்சார்தான்) போச்சு தம்பின்னு பானெட்டைத் தொறந்து, என்ஜின் புகை வெளிய வர்ற மேனிபோல்டு குழாய்ல இருந்ததைக் கழட்டி புதுசு போட்டாரு, கூலியோட 4,500 ஆச்சு. மூணு நாள் நல்லாருந்துச்சு, நாலாவது நாள் கப்பலூர் டோல்கேட் கிட்ட போறேன், மறுபடி லைட்டு. இப்ப கேட்டா வயரிங்கையே மாத்தணும்ங்கிறாரு.

ஸ்பேனர் மாமா:
ஸ்கேனர்ல வந்த கோடு நம்பர் என்ன தம்பி? அதைச் சொல்லாம சென்சார் போச்சுன்னா எந்த சென்சார்னு நான் சொல்றது?

திருமங்கலத்தான்:
பில்லுல பி0141னு எழுதிருக்குண்ணே.

ஸ்பேனர் மாமா:
அட போங்கப்பா. அது ரெண்டாவது ஆக்ஸிஜன் சென்சாரோட ஹீட்டர் சர்க்யூட்டு, சென்சாரைச் சூடாக்குற கம்பிக்கு கரண்ட் போற வழி. அந்த சென்சார், புகையைச் சுத்தம் பண்ற கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்குப் பின்னாடி, வண்டிக்கு அடியில இருக்கும். அவரு மாத்துனது மேல உள்ள முதலாவது, அதோட ஹீட்டர்னா பி0135 வந்திருக்கணும். பெட்ரோலைக் கூட்டிக் குறைக்கச் சொல்றது மேல உள்ளதுதான், கீழ உள்ளது முக்கியமா கன்வெர்ட்டர் ஒழுங்கா வேலை பாக்குதான்னு வேவு பாக்குறது, அதான் உங்களுக்கு ஓட்டத்துல வித்தியாசமே தெரியல. ஆனா உடனே இன்னொன்னு வாங்கிராதீங்க. மொதல்ல பியூஸ் பாருங்க, அப்புறம் கீழ சென்சார் கனெக்டரைக் கழட்டி, சென்சார் பக்கத்து நாலு வயருல ஒரே கலர்ல ரெண்டு இருக்கும், பெரும்பாலும் வெள்ளை, அந்த ரெண்டுக்கும் மல்டிமீட்டர்ல ஓம்ஸ் பாருங்க.

வைகைக்கரை:
வயரை எலி கடிச்சிருக்கான்னும் பாத்துக்கங்க பங்காளி, வயக்காட்டு ஓரம் நிப்பாட்டி எனக்கு அப்படித்தான் ஆச்சு.

திருமங்கலத்தான்:
எலி கடிக்கல, பியூஸும் நல்லாருக்கு. மீட்டர்ல இடது ஓரத்துல 1 மட்டும் நிக்குது, அப்ப ஒரு ஓம்ஸா? நல்ல சென்சார்தானா?

ஸ்பேனர் மாமா:
ஒரு ஓம்ஸ் இல்லய்யா, ஓப்பன்னு அர்த்தம்! ரெண்டு முனையையும் சும்மா காத்துல புடிச்சுப் பாருங்க, அதே 1தான் காட்டும். உள்ள ஹீட்டர் கம்பி அத்துருச்சு, இப்ப தைரியமா வாங்குங்க.

திருமங்கலத்தான்:
வாங்கிட்டேன், பழசு கழல மாட்டேங்குதுண்ணே. 22 ஸ்பேனர் வழுக்கி சென்சார் நட்டோட முனையெல்லாம் மழுங்குது.

ஸ்பேனர் மாமா:
நிப்பாட்டுங்க மொதல்ல. ராத்திரி மரையில டபிள்யூடி-40 அடிச்சு ஊற விடுங்க, காலையில என்ஜினைக் கொஞ்ச நேரம் ஓட விட்டு வெதுவெதுப்பா இருக்கும்போது, வயர் வெளிய வர்ற மாதிரி சைடுல வெட்டு விட்ட சாக்கெட் வச்சு பைய இழுங்க. கிளவுஸ் போட்டுக்கங்க, ஜாக்கிய மட்டும் நம்பி அடியில படுக்காதீங்க, ஸ்டாண்டு குடுங்க. புதுசுல மரையில பேஸ்ட் தடவித்தான் வந்திருக்கும், அது சென்சார் நுனியில படக்கூடாது. மொத கையாலயே முறுக்கி ஏத்துங்க. வயர் நீளம் பத்தலைன்னு வெட்டி ஒட்டிராதீங்க, நிறைய சென்சாருக்கு, புகையோட ஒப்பிட்டுப் பாக்குறதுக்கான வெளிக்காத்து அந்த வயர் வழியாத்தான் உள்ள போகுது.

திருமங்கலத்தான்:
கழண்டிருச்சுண்ணே, கிரீச்சுன்னு அது போட்ட சத்தத்துல தெருவே எட்டிப் பாத்துச்சு. புதுசு போட்டு கோடை அழிச்சு பத்து நாள் ஆச்சு, தேனி வரைக்கும் போயிட்டு வந்தேன், லைட்டு வரல. ஆமா, ஒர்க்‌ஷாப்புல மொத கழட்டுனது அப்ப நல்ல சென்சார்தானே? அங்கயே விட்டுட்டு வந்துட்டேன்.

ஸ்பேனர் மாமா:
வெரசாப் போய் வாங்குங்க தம்பி, இந்நேரம் வேற வண்டியில ஏறாம இருந்தா.