லண்டனில் இம்பாக்ட் இன்வெஸ்டிங் வேலை தேடுகிறவர்களுக்கு

முதுகலை முடித்துவிட்டு, லாபத்தோடு சமூகத்துக்கும் நன்மை தரும் இடங்களில் முதலீடு செய்யும் இந்தத் துறையில் நுழையப் பார்க்கும் தம்பி தங்கைகளே, முதலில் விசாவைப் பாருங்கள். படிப்பு முடிந்ததும் இங்கே தங்கி வேலை செய்ய விடும் கிராஜுவேட் விசாவுக்கு 2026 டிசம்பர் 31-க்குள் விண்ணப்பித்தால் 2 ஆண்டு, அதற்குப் பிறகு என்றால் 18 மாதம்தான். சிறிய ஃபண்டுகள் பலவற்றுக்கு ஸ்பான்சர் உரிமம், அதாவது வெளிநாட்டவரின் வேலை விசாவுக்குப் பொறுப்பேற்கும் அனுமதி, கிடையாது. அரசு வெளியிடும் உரிமப் பட்டியலில் பெயர் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு விண்ணப்பம் எழுதுங்கள். அதைப் பார்க்காமல் நான் நான்கு மாதத்தை வீணடித்தேன்.

ஆப்பிரிக்கா, ஆசியாவில் முதலீடு செய்யும் இடம் வேண்டுமென்றால் பிரிட்டிஷ் இன்டர்நேஷனல் இன்வெஸ்ட்மென்ட். 1948-இல் தொடங்கிய அரசு நிறுவனம், 2022 வரை சிடிசி என்று பெயர். இந்த நாட்டுக்குள்ளேயே என்றால் பெட்டர் சொசைட்டி கேப்பிட்டல். நேரே அனலிஸ்டாகச் சேர முடியவில்லையா, வங்கியிலோ தணிக்கை நிறுவனத்திலோ இரண்டு வருடம் இருந்துவிட்டு வாருங்கள். கல்விக் கடன் தலைக்கு மேல் இருந்தால் அதுதான் நல்ல வழி என்பேன், ஏனென்றால் இம்பாக்ட் துறையில் சம்பளம் பொதுவாகக் குறைவு.

சரி, நேர்காணல். "மக்களுக்கு நல்லது செய்ய வந்தேன்" என்று ஆரம்பிக்காதீர்கள். எதிரே இருப்பவர் அடுத்தவர் பணத்தைத் திருப்பித் தர வேண்டியவர். என் முதல் நேர்காணலில் ஒரு சிறுகடன் நிறுவனத்தின் கணக்கைக் கொடுத்து எக்ஸெல்லில் மாடல் (வருங்கால வரவு செலவுக் கணிப்பு) போடச் சொன்னார்கள். 30 நாளுக்கு மேல் தவணை தவறிய கடன் எவ்வளவு என்ற வரியை நான் கவனிக்கவே இல்லை. வேலை கிடைக்கவில்லை. ஆறு மாதம் இரவில் உட்கார்ந்து பழகினேன்.

அடுத்த இடத்திலும் அதே மாதிரிக் கணக்கு. அப்போது அம்மா ஞாபகம் வந்தது. 1989-இல் தமிழ்நாட்டில் மகளிர் சுய உதவிக் குழுக்கள் தொடங்கிய தருமபுரிதான் எங்கள் ஊர், அம்மா குழு ஊக்குநர். பாயை விரித்து நோட்டைத் திறந்ததும் யார் வரவில்லை என்றுதான் முதலில் பார்ப்பார். "இந்த வாரம் வராதவ அடுத்த மாசம் தவணை கட்டமாட்டா" என்பார். நான் கூட்ட வருகை குறைந்த கிளைகளைத் தனியாகப் பிரித்து, அங்கே வாராக்கடன் கூடுதலாக வைத்துக் கணக்குப் போட்டேன். மீதி நேரம் முழுக்க அதைப் பற்றியே கேட்டார்கள். வேலையும் கிடைத்தது.

உங்கள் வீட்டிலும் அப்படி ஒரு குழு நோட்டு இருந்தால், அடுத்த முறை ஊருக்குப் போகும்போது கேட்டு வாங்கிப் படித்துப் பாருங்கள்.