ரிட்டென்ஷன் பீரியடுக்குத் தமிழ்: தக்கவைப்பா, வைப்பா, ஓம்பலா?

பாலிடெக்னிக் வாத்தி எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். தமிழ்வழியில படிச்சுட்டு வர்ற பசங்களுக்காக டேட்டாபேஸ் அட்மின் (டிபிஏ) பாடக்குறிப்பு எழுதிக்கிட்டு இருக்கேன், வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகணும். சர்வர் பெர்ஃபார்மன்ஸ் கண்காணிப்பு அத்தியாயத்துல மாட்டிக்கிட்டேன். ஆரக்கிள் டேட்டாபேஸ்ல பெர்ஃபார்மன்ஸைத் தானா பதிஞ்சு வெக்கற ஏடபிள்யூஆர் இருக்குல்ல, நாம ஒண்ணும் மாத்தலைன்னா 60 நிமிஷத்துக்கு ஒரு ஸ்னாப்ஷாட் (அளவீடுகளோட பதிவு) எடுத்து 8 நாள் வெச்சிருந்துட்டு அப்புறம் அதுவே அழிச்சிடும். அந்த 8 நாள்தான் ரிட்டென்ஷன் பீரியட். நான் 'தக்கவைப்புக் காலம்'னு போட்டு வெச்சிருக்கேன், ஆனா படிச்சா ஆளுங்கட்சி தொகுதியைத் தக்கவைத்ததுன்னு பேப்பர்ல வர்ற தொனி அடிக்குது. வேற நல்லதா இருந்தா சொல்லுங்க. ஸ்னாப்ஷாட்டுக்கும் ஒண்ணு கிடைச்சா புண்ணியமா போகும்.

புலவர் எழுதியது:

அன்புடையீர், 'தக்கவைப்பு' நீண்ட சொல். பலர் எண்ணுவதுபோல இது 'தகு' என்பதிலிருந்து வந்ததன்று. தக்குதல் என்றால் நிலைத்தல், கைவசமாதல். தக்கும்படி வைப்பது தக்கவைப்பு. ஆனால் 'வை' என்பதே போதுமான இடத்தில் 'தக்க' எதற்கு? 'வைப்பு' வள்ளுவர் ஆண்ட சொல். "அற்றார் அழிபசி தீர்த்தல் அஃதொருவன் பெற்றான் பொருள்வைப் புழி" (226). சேமித்து வைக்கும் இடம் வைப்புழி. எனவே வைப்புக்காலம் என்பதே செறிவானது.

பழைய டிபிஏ எழுதியது:

ஐயா கோச்சுக்காதீங்க, வகுப்புல போய் 'வைப்பு'ன்னு சொன்னா கடைசி பெஞ்ச் என்ன பண்ணும்னு வாத்தியாருக்குத் தெரியும். எங்க பக்கம் அந்த வார்த்தைக்கு வேற அர்த்தம்தான் முதல்ல ஞாபகம் வரும்.

தக்கவைப்பே இருக்கட்டும்னு நினைக்கிறேன். பசங்களுக்கு ஐபிஎல் தெரியும், எந்த டீம் யாரைத் தக்கவெச்சுது யாரை விடுவிச்சுதுன்னு ஒவ்வொரு ஏலத்துக்கு முன்னாடியும் டிவில ஓடுது. ரிட்டெயினுக்குத் தக்கவைப்பு, பர்ஜுக்கு, அதாவது பழசை அழிக்கறதுக்கு, விடுவிப்பு, ரெண்டும் ஒரே மூச்சுல முடிஞ்சுது.

கொழும்பிலிருந்து எழுதியது:

வணக்கம். இலங்கையில வைப்பு எண்டா முதல்ல வங்கிதான் ஞாபகம் வரும், நிலையான வைப்பு, சேமிப்பு வைப்பு எண்டு எல்லா வங்கி பலகையிலயும் இருக்கு, ஒருத்தரும் சிரிக்கிறேல்ல. ஆனா எனக்கு வேற சிக்கல். வங்கியில போட்ட வைப்பைத் திருப்பி எடுக்கலாம். இந்தத் தரவு 9ஆம் நாள் இல்லாமலே போயிடுது. அந்த அழிவு எந்தச் சொல்லிலயும் தெரியேல்லையே.

புலவர் எழுதியது:

அம்மா சரியாகப் பிடித்தீர்கள். அழியும்வரை காத்தல் என்றால் அது ஓம்பல். விருந்தோம்பலில் விருந்தினர் போய்விடுவார் என்பது உட்கிடை. ஓம்புகாலம்! வினைத்தொகை, ஆறே எழுத்து. மேலும் இங்கே எல்லோரும் 'தரவு' என்று எழுதுகிறோமே, கலிப்பாவின் முதல் உறுப்புக்கும் அதுதானே பெயர்? தரவுக்குப் பின் தாழிசை, தனிச்சொல், சுரிதகம் என்று செல்லும். தருவது என்ற பொருளில் எருசொல் ஒன்றே என்றாலும், யாப்புச் சொல்லைக் கணினிக்கு எடுத்துக் கொடுத்தவர்கள் அதை ஒருமுறையாவது எண்ணிப் பார்த்தார்களா என்பது என் நெடுநாள் ஐயம். இதைத் தனி இழையாகவே தொடங்கலாம்.

பழைய டிபிஏ எழுதியது:

தயவுசெஞ்சு தனி இழையிலயே வெச்சுக்கங்க ஐயா. 'எருசொல்'னு தட்டியிருக்கீங்க, வேர்ச்சொல்தானே?

ஓம்புகாலம் நல்லா இருக்கு, சொன்னா ஒருத்தனுக்கும் புரியாது. ஆனா அதை விடுங்க, 'காலம்'ங்கறதே எனக்கு இடிக்குது. வாத்தியார் ஏடபிள்யூஆரை மட்டும் வெச்சு யோசிக்கிறார். எஸ்க்யூஎல் சர்வர்ல ஓடுன குவெரிங்களோட வரலாற்றைச் சேத்து வெக்கற குவெரி ஸ்டோரைப் பாருங்க, அதுல 30 நாள்னு ஒரு காலக்கெடு இருக்கு, கூடவே மொத்த அளவுக்கும் ஒரு உச்சம் இருக்கு, 2019 பதிப்புல இருந்து அது 1000 எம்பி. அதுக்கு மேல போச்சுன்னா 30 நாள் ஆச்சா இல்லையான்னு யார் கேக்கறா? போஸ்ட்கிரஸ்ல ஓடுன ஸ்டேட்மென்ட்டுங்களுக்குக் கணக்கு வெக்கற பிஜி ஸ்டாட் ஸ்டேட்மென்ட்ஸ் எடுத்துக்கங்க, அங்க நாளே கிடையாது, 5000 ஸ்டேட்மென்ட்னு எண்ணிக்கைதான். மைஎஸ்க்யூஎல்ல இதே கண்காணிப்பு வேலையைச் செய்யற பெர்ஃபார்மன்ஸ் ஸ்கீமா மெமரியில இருக்கறது, சர்வரை ரீஸ்டார்ட் பண்ணா மொத்தமும் காலி. இதுக்கெல்லாம் காலம்னு ஒரே பேர் வெச்சா பையன் இன்டர்வியூல மாட்டுவான்.

மாணவி ஒருத்தர் எழுதியது:

நான் ரொம்ப நாளா படிக்க மட்டும்தான் செய்வேன், இன்னிக்கு எழுதறேன். "பழையன கழிதலும் புதியன புகுதலும்" நன்னூல்லயே இருக்கே, அதை வெச்சு 'கழிவுக்காலம்'னு சொன்னா அழியறதும் வந்துடும்ல?

பழைய டிபிஏ எழுதியது:

எந்தக் கலைச்சொல் சண்டையிலயும் அந்த நூற்பா வந்தே தீரும், இந்தத் தடவை கொஞ்சம் பொருந்தற மாதிரி வந்திருக்கு. ஆனா தங்கச்சி, ஏடபிள்யூஆர்ல மட்டும்தான் அது சரி, பழசு கழிஞ்சு புதுசு புகும். குவெரி ஸ்டோர் ரொம்பப் போகுதுன்னு தெரிஞ்சா கொஞ்சம் பழசைக் கழிக்கப் பாக்கும், அதுக்குள்ள உச்சத்தைத் தொட்டுட்டா ரீட் ஒன்லிக்குப் போயிடும். அப்ப பழசு அப்படியே உக்காந்திருக்கும், புதுசுதான் உள்ள வராது. பிரச்சனை நடக்கற ராத்திரிக்கு மட்டும் டேட்டா இருக்காது. போஸ்ட்கிரஸ்ல இன்னொரு கூத்து, 5000 தாண்டுனா பழசு போகாது, குறைவா ஓடுனது போகும். மாசம் ஒருதடவை ஓடற கனமான ரிப்போர்ட்தான் முதல்ல காணாமப் போகும், நமக்கு வேணுங்கறதே அதுதான்.

அப்புறம் கழிவுன்னா இன்னொரு அர்த்தமும் இருக்கு, கடைசி பெஞ்சை மறக்காதீங்க.

பாலிடெக்னிக் வாத்தி எழுதியது:

இவ்ளோ விஷயம் இருக்குன்னு தெரியாம நான் ஒரே வரில முடிச்சிருந்தேன், இதையும் பாடத்துல சேத்துடறேன். அப்படின்னா 'தக்கவைப்பு வரம்பு'ன்னு பொதுவா வெச்சுட்டு, நாள் கணக்குன்னா தக்கவைப்புக் காலம், எம்பி கணக்குன்னா தக்கவைப்பு அளவுன்னு பிரிச்சுக்கலாமா? ஒற்று போடணுமான்னும் சொல்லுங்க. ஸ்னாப்ஷாட்டுக்கு 'கணப்படம்' போட்டிருக்கேன்.

புலவர் எழுதியது:

வைப்பு வன்தொடர்க் குற்றியலுகரம். வல்லினம் வந்தால் மிகும். தக்கவைப்புக் காலம் சரி. 'அளவு' உயிரில் தொடங்குவதால் ஒற்றுக்கு வேலையில்லை. 'வரம்பு' நல்ல சொல், வயலின் வரம்பு. அதுபற்றி மட்டும் எனக்கு மறுப்பில்லை.

பழைய டிபிஏ எழுதியது:

கணப்படம் வேண்டாம் சார். படம்னதும் பசங்க அந்த நிமிஷத்துல சர்வர் எப்படி இருந்துச்சுன்னு காட்டறதுன்னு நினைப்பாங்க, ஏடபிள்யூஆர் ஸ்னாப்ஷாட் அப்படி இல்ல. உள்ள இருக்கறதுல பெரும்பாலானது சர்வர் எழுந்ததுல இருந்து ஏறிக்கிட்டே போற எண்ணிக்கைங்க, தனியா ஒரு ஸ்னாப்ஷாட்டைப் பாத்து ஒண்ணும் பண்ண முடியாது. வீட்டுல ஈபி கணக்கெடுக்க வர்றாங்கல்ல, போன தடவை ரீடிங்கைக் கழிச்சாத்தானே எவ்ளோ ஓடுச்சுன்னு தெரியும், அதேதான். நடுவுல சர்வர் ரீஸ்டார்ட் ஆனா கழிக்கவும் முடியாது, எண்ணிக்கை திரும்ப பூஜ்யத்துல இருந்து ஆரம்பிக்கும். அதனால 'கணக்கெடுப்பு'ன்னு போடுங்க. படம்ங்கற பேர் ஆரக்கிள்லயே இருக்கற ஏஎஸ்ஹெச்சுக்குத்தான் பொருந்தும், அதுதான் நொடிக்கு ஒருதடவை அந்தந்த நொடியில யார் யார் வேலை செய்யறாங்கன்னு பாக்குது, அதுலயும் 10ல 1தான் டிஸ்க்குக்குப் போகும்.

கொழும்பிலிருந்து எழுதியது:

கணக்கெடுப்பு எண்டா சனத்தொகைக் கணக்கெடுப்பு எண்டு நினைப்பினம். ஆனா கழித்தல் விஷயம் நீங்க சொன்ன பிறகுதான் எனக்கே விளங்கினது. இன்னொண்டு கேக்கிறன், 8 நாள் ஆருக்குக் காணும்? மாச முடிவு வேலை போன மாசத்தை விட மெதுவா ஓடுது எண்டு முறைப்பாடு வந்தா ஒப்பிட்டுப் பாக்கப் போன மாசம் இருக்காதே.

பழைய டிபிஏ எழுதியது:

காணவே காணாது அக்கா. நாங்க 35 நாள் வெச்சிருக்கோம், அப்பதான் மாசக்கடைசி மாசக்கடைசியோட பொருந்தும். ஒப்பிட்டுப் பாக்கறதுக்காகச் சில ஸ்னாப்ஷாட்டைக் குறிச்சு பேஸ்லைன்னு ஒண்ணு வெச்சா அந்த ஸ்னாப்ஷாட்டுங்க மட்டும் கெடு தாண்டியும் இருக்கும், அதுக்கும் ஒரு வார்த்தை வேணும் (மன்னிக்கணும் வாத்தியாரே). நாளைக் கூட்டிக்கிட்டே போனா ஸ்னாப்ஷாட்டுங்க சேர்ற சிஸ்ஆக்ஸ் டேபிள்ஸ்பேஸ் வீங்கும், அழிச்சாலும் ஃபைல் தானா சுருங்காது. இன்னொரு வேடிக்கை, ரிட்டென்ஷனுக்கு பூஜ்யம்னு கொடுத்தா உடனே அழிச்சிடும்னு பாத்தா இல்ல, எப்பவுமே வெச்சிருன்னு அர்த்தம்.

புலவர் எழுதியது:

சுழியம் என்றால் முடிவிலி! அப்படியானால் 'காலம்', 'வரம்பு' இரண்டுமே அங்கே தோற்கின்றன. ஓம்பல் மட்டும் நிற்கிறது, அதற்கு எல்லை வேண்டியதில்லை. ஓம்பு என்ற வேரிலிருந்து ஓம்படை, ஓம்படுத்தல்...

மாணவி ஒருத்தர் எழுதியது:

ஐயா, எனக்கு உண்மையிலேயே ஓம்பல் பிடிச்சிருக்கு. ஆனா கூகுள்ல தேடினா விருந்துதான் வருது.

பாலிடெக்னிக் வாத்தி எழுதியது:

நாளைக்கு அச்சகத்துக்குக் கொடுத்தாகணும். தக்கவைப்பு வரம்பு, தக்கவைப்புக் காலம், தக்கவைப்பு அளவு, அழிக்கறதுக்கு நீக்கம். விடுவிப்பு வேண்டாம், ஃபைல் சுருங்காதப்ப இடம் விடுபட்டுச்சுன்னு பசங்க நம்பிடுவாங்க. ஸ்னாப்ஷாட் ஸ்னாப்ஷாட்டாவே போகுது. மூணு பேர் சரின்னு தனிமடல்ல சொல்லிட்டாங்க. பேஸ்லைனை அடுத்த பதிப்புல பாக்கலாம்.

புலவர் எழுதியது:

அச்சாகட்டும். என் மறுப்பை இந்த இழையிலேயே பதிகிறேன்: 'தக்க' மிகை. பேஸ்லைனுக்கு 'ஓம்படை' எடுத்து வைத்திருக்கிறேன், கேட்கும்போது தருகிறேன்.

கொழும்பிலிருந்து எழுதியது:

இப்பவே கேக்கிறன் ஐயா. பேஸ்லைனில இருக்கிற ஸ்னாப்ஷாட்டைத்தான் அழிக்க விடாமக் காக்கிறது, அப்ப அதுக்கு ஓம்படை சரிதானே?