வீடியோ காலிங் பெல் மாட்டியதும் பழைய சைம் இரைகிறது, இரவில் கேமரா அணைகிறது

கேள்வி: கனடாவில் பழைய வீடு. பட்டனைக் கழற்றிவிட்டு அதே இரண்டு வயரில் வீடியோ பெல் மாட்டியிருக்கிறேன். பகலில் சரி. இருட்டியதும் சைம் பெட்டி (வீட்டுக்குள் மணி ஒலிக்கும் பெட்டி) இரைகிறது. யாராவது பட்டனை அழுத்தினால் கேமரா அணைந்து மறுபடி தொடங்குகிறது. டிரான்ஸ்ஃபார்மரில் 16 வோல்ட், 10 விஏ (வோல்ட்-ஆம்பியர், அது தரக்கூடிய திறன்) என்றிருக்கிறது. சைமை மாற்ற வேண்டுமா?

பதில் 1: சைமைத் தொடாதீர்கள், டிரான்ஸ்ஃபார்மர்தான் போதவில்லை. 10 விஏ என்றால் 0.6 ஆம்பியர்தான். பழைய பட்டனுக்கு அழுத்தும் நேரம் மட்டும் கரன்ட் போதும். கேமராவுக்கு எப்போதும் வேண்டும், அதுவும் சைமின் காயில் (கம்பிச்சுருள்) வழியாகவே போகிறது. இருட்டில் இன்ஃப்ராரெட் விளக்கு எரிந்ததும் இழுப்பு கூடி, காயிலுக்குள் இருக்கும், மணியைத் தட்டும் தண்டு அதிர்கிறது. அதுதான் இரைச்சல். 16 வோல்ட், 30 விஏ போடுங்கள். பிரேக்கரை அணைத்து, 120 வோல்ட் பக்கம் கரன்ட் இல்லை என்று டெஸ்டரில் பார்த்த பிறகே கை வையுங்கள்.

பதில் 2: அதோடு பெல்லுடன் வந்த பவர் கிட்டையும் (சைமின் காயிலைத் தவிர்த்து கேமராவுக்கு கரன்ட் போக வழிசெய்யும் சிறு பெட்டி) பாருங்கள். பல மாடல்களில் அதன் வயர்கள் சைமில் 'ஃப்ரன்ட்', 'டிரான்ஸ்' ஸ்க்ரூக்களில் போக வேண்டும். தவறி 'ரியர்' பக்கம் மாட்டினால் பயனில்லை. ஆப்பில் சைம் வகை மெக்கானிக்கலா டிஜிட்டலா என்பதும் சரியாக இருக்கட்டும்.

பதில் 3: இதே பெல்லை ஊரில் பெற்றோர் வீட்டுக்கு வாங்கி அனுப்புகிறவர்கள் கவனிக்க: அங்கே பெரும்பாலும் பட்டனுக்கே 230 வோல்ட் வருகிறது. அந்த வயரில் இதை மாட்டினால் பெல் கருகும், உயிருக்கும் ஆபத்து. பேட்டரி மாடலும் பிளக்கில் செருகும் சைமும் வாங்குங்கள்.